தம்பியின் சுவேகா

சுவேகா என்றொரு மொபெட் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெடல் வைத்த வண்டி, 49 சிசி எஞ்சின், கியர் கிடையாது. சைக்கிள் போல மிதித்து, டிகம்ப்ரஷன் லிவரை விட்டால் பட்டென்று பிடித்துக்கொள்ளும். திருப்பதியில் மொபெட்ஸ் இந்தியா என்ற கம்பெனி, பிரான்ஸின் மொத்தோபெக்கான் நிறுவனத்திடம் உரிமம் வாங்கித் தயாரித்தது. அசல் வண்டி அங்கே 1949இல் மொபிலெத் என்ற பெயரில் வந்தது. பெக்கான் என்றால் பிரெஞ்சு பேச்சுவழக்கில் சைக்கிள், ஓட்டை வண்டி. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை எங்கள் வாத்தியார் சொல்ல விடமாட்டார்; தெருவில்தான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் வீட்டுச் சுவேகா என் தம்பியுடையது. 1973இல் வாங்கினான். நான் ப்ரெவே முடித்து அரசாங்க வேலைக்குப் போனேன். அவனுக்குப் பிரெஞ்சு இலக்கணம் ஏறவில்லை. மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டான். வண்டி வாங்கி ஆறு மாதத்துக்குள் அதைக் கழற்றிப் போட்டான். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுத்துவிட்டான், கார்புரேட்டரில் பெரிய ஜெட் மாட்டினான், சிலிண்டர் ஹெட்டை மில் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவினான். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலிண்டரில் புகை வெளியேறும் துளையை உருண்டை அரம் வைத்து மேல்நோக்கி ராவினான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தத் துளை உயர உயர வண்டி வேகம் எடுக்கும். அமெரிக்காவில் பழைய ஃபோர்டு காரைக் கழற்றி இப்படி முடுக்கிவிடுவதை ஹாட் ராட் என்பார்களாம். முத்தியால்பேட்டையில் அதற்குப் பெயர் இல்லை. "மெண்டல் வண்டி" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் நாலைந்து பையன்கள் சேர்ந்துகொள்வார்கள். பந்தயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும். லாம்ப்ரெட்டாக்காரனை ஒரு தடவை முந்திவிட்டதாகத் தம்பி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்றதும் ஊரே அதற்கு மாறிவிட்டது. தம்பி மட்டும் மாறவில்லை. பணி ஓய்வு வரை மில்லுக்குச் சுவேகாவில்தான் போனான். பிறகு அது பின்கட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. 2011 டிசம்பரில் தானே புயலில் தாழ்வாரத்து ஓடு சரிந்து அதன் மேல் விழுந்தது. ஓட்டை எடுத்தான், ஒரு தார்பாலினைப் போட்டு மூடினான். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் அவனும் போய்விட்டான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. பின்கட்டில் முழங்கால் தண்ணீர். வடிந்தபிறகு தம்பி மனைவி பழைய சாமான்களை வெளியே எடுத்துப்போட, பழைய இரும்புக்காரர் சுவேகாவைப் பார்த்து 1,800 ரூபாய் சொன்னார். அந்தப் பகுதியைப் பூசி வாடகைக்கு விட அவளுக்கு எண்ணம். வாடகைப் பணம் அவளுக்குத் தேவையும்கூட.

"நீங்க என்ன சொல்றீங்க, மாமா?" என்று கேட்டாள்.

"தீபாவளி வரைக்கும் டைம் குடும்மா" என்றேன்.

சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். ஓடினால் இருக்கட்டும். ஓடாமல் ஷோவுக்கு நிறுத்தி வைப்பதற்கு இடமில்லை.

தம்பியின் பேரன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். குனிந்து நிமிரும் வேலை எல்லாம் அவனுக்கு. ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லும் வேலை எனக்கு. முதலில் டேங்க். உள்ளே துரு அடை அடையாக இருந்தது. கடையில் அதற்கு ஏதோ திரவம் விற்கிறார்கள். நாங்கள் புளியைக் கரைத்து ஊற்றி, கைப்பிடி நட்டு போல்ட்டைப் போட்டு, இரண்டு நாள் ஊறவைத்துக் குலுக்கினோம். மூன்றாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. பாத்திரம் துலக்கும் அறிவு வண்டிக்கும் செல்லும்.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. அடித்து அசைக்கக் கூடாது. ரிங் உடையும், சிலிண்டர் கீறும். ப்ளக் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்தோம். தினமும் மாலை பேரன் பெடலை மெதுவாக அழுத்திப் பார்ப்பான். ஒன்பதாம் நாள் ஒரு விரல்கடை அசைந்தது. (ஸ்பார்க் ப்ளக்குக்குப் பிரெஞ்சில் பூழி என்பார்கள். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். கோயிலில் ஏற்றுவதும் அதுவே, எஞ்சினில் மாட்டுவதும் அதுவே என்றேன். பேரன் சிரிக்கவில்லை.)

அதற்கு மேல் எங்களால் ஆகாது என்று நெல்லித்தோப்பில் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தோம். எழுபதை நெருங்குகிறவர், கடையை மகனிடம் விட்டுவிட்டார். சுவேகா என்றதும் வீட்டுக்கே வந்தார். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கத்து ஆயில் சீலும் ஓடு மாதிரி காய்ந்திருப்பதை முதலில் காட்டினார். டூ ஸ்ட்ரோக்கில் அந்த சீல் வழியே காற்று புகுந்தால், பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகிக் கெட்டுவிடுமாம். பாயின்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தார். பிரான்ஸில் மொபிலெத்துக்கு இன்றும் உதிரிபாகம் செய்கிறார்கள். அங்கிருக்கும் என் மச்சினன் மகள் பெல்ட், பாயின்ட், கேஸ்கெட் எல்லாவற்றையும் பெட்டியில் கொண்டுவந்தாள். எல்லாம் பொருந்தவில்லை. பெல்ட் பொருந்தியது.

பிரச்சினை சிலிண்டரில் வந்தது. உள்ளே மேலிருந்து கீழ் கோடு விழுந்திருந்தது. மெக்கானிக் ஞாயிறு சந்தையில் யாரிடமோ சொல்லிவைத்து, கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றிய புது சிலிண்டர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இது லாட்டரி அடித்த மாதிரி.

"இதைப் போட்டுடுவோம் சார். கம்பெனி அளவு. அடியிலேயே நல்லா இழுக்கும். பழசுல தொளை மேல ஏறிப்போயிருக்கு. ஸ்பீட்ல ஓடும், ஆனா நின்ன எடத்துல இருந்து எடுக்க நாலு மிதி கூட மிதிக்கணும்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கியர் இல்லாத வண்டிக்கு ஆரம்ப இழுவைதான் முக்கியம். நான் சரி என்றுதான் சொல்லவிருந்தேன். பழைய சிலிண்டரைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில் விரலை உள்ளே விட்டுத் துளையின் ஓரத்தைத் தடவினார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் இந்த வேலை செஞ்சது?"

"என் தம்பி."

"ஓரத்தை உருட்டி விட்டிருக்காரு பாருங்க. சாதாரணமா ராவுறவன் கூர்மையா விட்டுடுவான், ரிங் போய் மாட்டி உடையும். இது ரெண்டு பக்கமும் ஒரே வளைவு. அரத்துல செஞ்சதா? மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்கு."

என் விரலையும் உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏற்றியிருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத வேலை. எஞ்சினை மூடிவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. என் கையெழுத்து முப்பத்தைந்து வருடக் கோப்புகளில் இருக்கிறது. தம்பி மில்லில் செய்த வேலைகளை எங்கே தேடுவது? மில்லும் 2020இல் மூடிவிட்டது.

தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். வண்டி அவளுடையது, முடிவும் அவளுடையது. மெக்கானிக் இரண்டு சிலிண்டரையும் பக்கத்தில் வைத்து விளக்கினார். பொறுமையாகக் கேட்டாள்.

"பழசைப் போட்டா அந்தச் சத்தமும் வருமா?"

"சத்தம் சைலன்சர்ல வர்றதும்மா. அது வேற."

"மணிக்கூண்டு திரும்பும்போதே கேக்கும் மாமா. கேட்டதும் சோறு போட ஆரம்பிப்பேன். அவர் கால் கழுவிட்டு உக்காரும்போது ரசம் சூடா இருக்கும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவர் செஞ்சது அப்படியே இருக்கட்டும். ஆனா அந்தச் சத்தம் வேணாம்."

அப்படியே செய்தோம். பழைய சிலிண்டரை போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். சீவிய ஹெட்டுக்கு அடியில் செப்பு கேஸ்கெட் ஒன்று வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். ஜெட்டைப் பழைய அளவுக்கு மாற்றினார். சைலன்சருக்குள் புதிதாகத் தகட்டுத் தடுப்பு வைத்து வெல்டிங் செய்தார். "முன்ன மாதிரி பறக்காது சார்" என்று வருத்தப்பட்டார். புது சிலிண்டர் காகிதத்தோடு என் அலமாரியில், பென்ஷன் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். அதனால் ட்யூபை மாற்றினோம். டேங்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில். ஸ்டாண்டில் நிறுத்திப் பேரன் மிதித்தான். இருபது மிதிக்கு மேல் ஒன்றும் இல்லை, ப்ளக்கைத் துடைத்து மாட்டினோம், மறுபடி மிதித்தான். பிடித்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்க நீலப்புகை. எதிர்வீட்டு அம்மாள் எங்கே தீப்பிடித்தது என்று ஓடிவந்தார்.

மெக்கானிக் வேலை அதோடு முடிந்தது. என் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. வண்டியின் பதிவு 2009இலேயே காலாவதி. ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் பதிவுக்குப் போகலாமே என்று பேரன் கைபேசியில் பார்த்துச் சொன்னான். 2021இல் வந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும், பார்க்க அழகுதான். ஆனால் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்து மறுபதிவுக்கு 5,000. அதைவிட, அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பெட்ரோல் போடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும்தான் வெளியே எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. ஷோவுக்கு வைக்க இடமில்லை என்றவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? இன்னொன்றும் இருக்கிறது: எஞ்சின் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. நம் எஞ்சினில் ஒன்றரை மில்லிமீட்டர் மில் ஃபிட்டர் வேலை இருக்கிறது. தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே சாதாரண வழி. உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றப் படிவம் 31, பதிவு புதுப்பிக்கப் படிவம் 25. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், மூன்றாம் நபர் காப்பீடு. பழைய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். தாமதக் கட்டணம் தனி. விண்ணப்பத்தோடு சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஒட்ட வேண்டும். அங்கேதான் உண்மையில் பயந்தேன். எண் அடித்திருந்த இடத்தில் கடற்கரை உப்புக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. அழுத்தித் தேய்த்தால் எண்ணே போய்விடும். எண் போய்விட்டால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது இரும்புதான். பேரனைத் தொட விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்து மூன்று நாள் மெல்லத் தேய்த்தேன். ஒவ்வோர் இலக்கமாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று புரியாமல், ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தபோது இடதுபக்கம் திறந்திருந்தது. மூன்று.

ஆய்வுக்கு வண்டியை ஓட்டிப்போக முடியாது, பதிவில்லை. குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுபோனோம். ஆய்வு செய்தவர் சின்னப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"மோட்டார் வண்டிக்கு எதுக்கு சார் பெடல்?"

பேரன் ஏறி மிதித்துக் காட்டினான். அவரும் ஒரு தடவை மிதித்துப் பார்க்கிறேன் என்று ஏறினார். வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, பிரேக் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்றார். அங்கேயே இறுக்கினோம். எண்ணைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு ஆர்.சி. கைக்கு வந்தது, தம்பி மனைவி பெயரில். பின்கட்டை வாடகைக்கு விட்டாயிற்று. சுவேகா இப்போது முன்பக்க நடையில், என் ஈஸிசேருக்கு எதிரே நிற்கிறது. பேரன் ஞாயிறு காலையில் அதில் கறி வாங்கப் போகிறான். மணிக்கூண்டு திரும்பும்போது ஒன்றும் கேட்பதில்லை. வாசலுக்கு வந்து பெல் அடிக்கிறான், சைக்கிள் பெல்தான், அதற்குப் பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.