நூறு மணி நேரம்

"நூறு மணி நேரம் ஓடவிடுங்க சார், அப்புறம்தான் இதோட உண்மையான சவுண்டு தெரியும்."

சென்னை ரிச்சி தெருவில் ஓர் ஆடியோ கடையில் 6 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஹெட்போன் விற்கும்போது நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். முதல் 3 ஆண்டுகள் நம்பிச் சொன்னேன். அடுத்த 3 ஆண்டுகள் பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

நம்பியதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. பெரிய ஸ்பீக்கரைப் பிரித்தால், கோனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிற மடிப்பு மடிப்பான துணி ஒன்று இருக்கும். ஸ்பைடர் என்போம். புதிதில் அது விறைப்பாக இருக்கும். பாட்டு ஓட ஓடக் கொஞ்சம் இளகும், ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு அதிர்வெண் சற்றுக் கீழே இறங்கும். இதைக் கருவி வைத்து அளக்கலாம். அந்த இளக்கத்தில் பெரும்பங்கு ஆரம்ப நிமிடங்களிலோ மணிகளிலோ முடிந்துவிடும். நான் இதை அப்படியே ஹெட்போனுக்கும் பொருத்திக்கொண்டேன். புது பைக்கை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டச் சொல்கிறார்களே, அதைப் போலத்தான் என்று வாடிக்கையாளரிடம் விளக்கவும் செய்தேன். பைக்கைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஆனால் சாதாரண ஹெட்போனுக்குள் ஸ்பைடரே கிடையாது. தலைமுடியின் தடிமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய கம்பிச் சுருள், பின்னால் காந்தம், அவ்வளவுதான். அந்தப் படலம் அசைகிற தூரமும் ஒரு மில்லிமீட்டருக்குள். ஷூர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட இ1 இயர்போன்களை, நன்றாக உழைத்த பிறகு எடுத்து அளந்து பார்த்து, புதிதில் இருந்தபடியேதான் இருக்கின்றன என்று சொல்லியிருந்தது. அதைப் படித்த பிறகு என் மனசு நிலைகொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்திருந்தபோது, நானும் உடன் வேலை பார்த்த நண்பனும் சோதித்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் பாடிய டிஸ்ப்ளே பீஸ் ஒன்று, அன்றைக்கு சீல் பிரித்த அதே மாடல் இன்னொன்று. காதில் படுகிற பேட் பழசென்றால் தொட்டாலே தெரிந்துவிடும் என்று இரண்டிலும் புதுப் பேட் மாட்டினோம். சத்தத்தையும் சமமாக வைத்தோம், ஏனென்றால் ஒரு பொட்டு கூடுதலாகக் கேட்டாலும் காது அதைத்தான் 'நல்லா இருக்கு' என்று சொல்லும். என் கண்ணைத் துண்டால் கட்டி அவன் மாற்றி மாற்றி மாட்டினான். இருபது தடவையில் பதினொன்று சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே கணக்குதான் வந்திருக்கும்.

அப்படியானால் இரண்டு வாரம் கழித்து வந்து "சூப்பரா செட் ஆயிடுச்சுங்க" என்று மனசாரச் சொன்னவர்களெல்லாம் பொய்யா சொன்னார்கள்? இல்லை. பேட்டின் பஞ்சு அமுங்கிக் காதோடு ஒட்டினால் இடைவெளி அடைபட்டு பேஸ் நிரம்பும். அந்த மாற்றம் நிஜம். ஆனால் அது தலையில் மாட்டிக் கேட்டால்தான் நடக்கும், ராத்திரி முழுக்க மேஜை டிராயருக்குள் இரைச்சலை ஓடவிடுவதால் நடக்காது. மற்றது பழக்கம். அடிக்கடி சந்திக்கிற ஒன்றே பிடித்துப்போகிறது என்று ராபர்ட் சாயொன்ட்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். ஹெட்போன் இருந்தபடியே இருந்தது, கேட்டவர் அதற்குப் பழகிவிட்டார். யோசித்துப் பார்த்தால், ஓட ஓட மோசமாகிவிட்டது என்று ஒருவர்கூட வந்து சொன்னதில்லை. பொருள் இளகித்தான் ஒலி மாறுகிறது என்றால் சிலவற்றிலாவது கெட்டிருக்க வேண்டாமா?

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் சொன்னேன்? நாங்கள் விற்றது இறக்குமதிச் சரக்கு. கம்பெனி வாரண்டி கிடையாது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள 7 நாள். இரவு எட்டு மணி நேரம் ஓடவிட்டால் நூறு மணி நிறைய 12, 13 நாள் ஆகும். இந்தக் கணக்கை முதலாளி ஒருநாளும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானேதான் போட்டேன். திரும்பி வராத சரக்குக்குத்தான் எனக்குக் கமிஷன் கிடைத்தது.

சவுண்டு மிக்ஸிங் படிக்கிற ஒரு பையன் 8,500 ரூபாய்க்கு வாங்கிப் போனான். மூன்றாம் நாள் போன் செய்தான். "அண்ணே, இடது பக்கம் அமுங்கின மாதிரி இருக்குண்ணே. பாடுறவங்க குரல் வலது பக்கமா ஒதுங்குது." குரல் நடுவில் நிற்காத ஹெட்போனை வைத்துக்கொண்டு மிக்ஸிங் படிக்க முடியாது. திருப்பி மாட்டிப் பார், குறை மற்றக் காதுக்கு மாறினால் கோளாறு உன் காதில் இல்லை, பீஸைக் கொண்டுவா என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. "நூறு மணி நேரம் ஓடட்டும் தம்பி, செட் ஆகும்" என்றேன். எட்டாம் நாள் மறுபடி கூப்பிட்டான். அப்போது நான் சொன்னதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. "எதுக்கும் உன் காதைக் காட்டிப் பாரேன்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். அட்டைப்பெட்டியின் மேல் மடித்த தாள் ஒன்று. காது டாக்டர் எடுத்த ஆடியோகிராம். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. இரண்டு கோடும் மேல்வரிசையில் ஒன்றையொன்று ஒட்டியே போயின. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்திருந்தது. "என் காது நல்லாத்தான் இருக்குண்ணே. இந்தப் படிப்பே வேஸ்டாயிடுமோன்னு ரெண்டு வாரமா தூக்கமே இல்ல" என்றான்.

பெட்டியைத் திறந்து ஹெட்போனை என் பக்கம் நகர்த்தினான். ஒருதரம் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். நான் அதைத் தொடவில்லை. பில்லை எடுத்து, அவன் பக்கமாகத் திருப்பி, தேதியைக் காட்டினேன்.