ஷிப்ட் மாறும் நேரத்துக் காதுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நாளின் உற்பத்தி, காலை ஷிப்ட் மாறும் பத்து நிமிஷத்தில் பாதி முடிவாகிவிடுகிறது என்று நம்புகிறவன் நான். 1964-இல் எஸ்டேட் தொடங்கிய காலத்து லேத்துகள் போய் சிஎன்சி வந்துவிட்டது. ஆனால் இரவு ஆள் பகல் ஆளிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவது மட்டும் மாறவில்லை. அதையும் இரைச்சலுக்கு நடுவேதான் சொல்ல வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு என்கின்றன தொழிற்சாலை விதிகள். அந்த வரம்புக்குள்ளேயே பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசியாக வேண்டும்.

"மூணாம் மெஷின் சத்தம் மாறிக் கேக்குதுண்ணே" என்கிறார் இரவு ஆபரேட்டர். எதிரே நாலு பேர். "ஓடுமா, ஓடாதா? எட்டு மணிக்கு வண்டி வருது" என்கிறார் சூப்பர்வைசர். தரப்பிரிவுக்காரர் "சைஸ் எவ்ளோ போயிருக்கு?" என்கிறார். ஃபிட்டருக்கு வேறு கவலை: "ஓட்ட ஆரம்பிச்சப்பவேவா, சூடானப்புறமா?" அடுத்து அந்த மெஷினில் நிற்கப்போகிறவர் மட்டும், "நைட்டு பூரா ஒண்டியாவா மல்லாடுன?" என்று கேட்கிறார்.

1995-இல் வாட்சன், பார்க்கர், வீவர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்கும் விதங்களை நான்காகப் பிரித்தார்கள்: ஆளைக் கவனிப்பது, செயலைத் தேடுவது, விவரத்தை அலசுவது, நேரத்தைப் பார்ப்பது. நம் நால்வரும் அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவார்கள். அது அவரவர் பழக்கம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. என் அனுபவம் அதோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. விவரம் விவரமாகத் துருவிக் கேட்ட ஃபிட்டர் ஒருவர் சூப்பர்வைசர் ஆனார். வருஷம் திரும்புவதற்குள் அவரும் "ஓடுமா, ஓடாதா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மனிதர் மாறவில்லை, மேலிருந்து அவரிடம் கேட்கப்படும் கேள்வி மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் ஆலைகள் பாகங்களை வாங்கிக் குவித்து வைப்பதில்லை. இங்கிருந்து வண்டி பிந்தினால் அங்கே லைன் நின்றுவிடும். அந்த பயம் ஒருவரின் தலையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் காதில் நேரம்தான் முதலில் விழும்.

ஆகவே சொல்கிறவர், கேட்பவருக்கு யார் கேள்வி வைக்கிறார்கள் என்று யோசித்தால் போதும். சூப்பர்வைசரிடம், "மத்தியானம் வரைக்கும் தாங்கும், அதுக்குள்ள ஃபிட்டர் பாக்கணும்" என்று முடிவிலிருந்து தொடங்கலாம். தரப்பிரிவிடம், "கடைசி பத்து பீஸ்ல இருபது மைக்ரான் ஏறியிருக்கு" என்று அளவிலிருந்து. ஃபிட்டரிடம் மட்டும் முதலிலிருந்து, அவசரப்படாமல். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய ஃபிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். அந்தப் பொறுமை மனிதக் குரலுக்கும் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பக்கத்தில் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். அதற்குப் பிறகு இந்தப் பகுதியின் சின்னப் பட்டறைகளிலும் தரவட்டம் என்ற பேச்சு அதிகம் அடிபட்டது. தரவட்டக் கூட்டத்தில் ஆபரேட்டரே சார்ட்டை மாட்டிப் பிரச்சினையை விளக்குவார், மேலதிகாரி உட்கார்ந்து கேட்பார். அங்கே எனக்குப் பெரிதாகப் பட்டது சார்ட் அல்ல. கடிகாரத்தைப் பார்க்கிறவருக்கு, அரை மணி நேரம் விவரம் கேட்கிற வேலை கொடுக்கப்படுவதுதான்.

இப்போது இரவு ஷிப்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அதைப் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். திரும்பக் கேட்டால் வேலை தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் அந்தத் தலையாட்டலில் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஹா" என்றுதான் பதில் வரும். "முதல்ல எதைத் தொடுவே, காட்டு" என்று கேட்க வேண்டும். அவன் மெஷினுக்கு நடந்து போய்க் கையை வைத்துக் காட்ட இரண்டு நிமிஷம் ஆகும். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நிமிஷம் யாருக்கும் கிடைக்காது. ஷிப்ட் மாறும் பத்து நிமிஷத்தையும் சம்பள நேரமாக எழுதி, பஸ்ஸை அதற்குப் பிறகு எடுக்கச் சொல்வது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.