விரைந்து படிக்கும் வித்தை

திரையில் உள்ள எழுத்தை விரைந்து படிப்பதற்கென்றே இக்காலத்தில் பல மென்பொருள்கள் தோன்றியிருக்கின்றன. ஸ்விட்சர்லாந்து தேசத்து ரெனாட்டோ காசுட் என்பவர் அமைத்த பயோனிக் ரீடிங், சொல்லின் முற்பகுதியை மட்டும் தடித்த எழுத்தாக்கிக் காட்டும். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் இதே பேச்சாயிருந்தது. 2014-இல் வந்த ஸ்பிரிட்ஸ் என்பதோ சொற்களை ஒவ்வொன்றாகக் கண்முன் நிறுத்தி உடனே அகற்றிவிடும்.

புக்கிட் ரோத்தானில் வாழும் நம்மவருக்கு இவற்றால் ஆவதென்ன என்று நாம் ஆராயப் புகுந்தோம். இங்குள்ள செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கோலசிலாங்கூர்ப் பட்டணத்துப் பிள்ளைகளும் மலாயையும் ஆங்கிலத்தையும் கைப்பேசியில் கடகடவென்று படிக்கிறார்கள். தமிழ் வந்தவுடன் விரலால் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால், “படிக்க நேரமாகிறது” என்கிறார்கள். இதைச் சோம்பல் என்று வைது ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. இன்று தள்ளப்படுவது ஒரு செய்தி. நாளை தள்ளப்படுவது மொழியே அன்றோ?

முன்பணம் பற்றிய அறிவிப்பொன்றை எடுத்துக்கொள்வோம். “கொடுக்கப்படும்” என்றாலும் “கொடுக்கப்படமாட்டாது” என்றாலும் தடித்துத் தெரிவது “கொடுக்க” என்பதே. கூலிக்காரனுக்கு வேண்டிய செய்தியோ வாலில் இருக்கிறது! ஆங்கிலத்தில் எதிர்மறை தனிச்சொல்லாக வினைக்கு முன் நிற்கும். தமிழில் அது பெரும்பாலும் வினையின் ஈற்றில் ஒட்டிக்கொள்ளும். மேலும், “கொ” என்பதைக் கணினி ககரமாகவும் ஒகரக் குறியாகவும் பிரித்து வைத்திருப்பதால், தமிழறியா மென்பொருள் ஓரெழுத்தையே இரண்டாக அறுத்துவிடக்கூடும். ஆங்கிலத்திலேயே பின்னர் நடந்த சோதனைகளில் வேகங் கூடியதாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். சொல் சொல்லாகக் காட்டும் முறையைப் பற்றியோ, படித்ததைத் திரும்பிப் பார்க்க இயலாதபோது பொருளுணர்வு குறைகிறதென்று கீத் ரேனர் முதலியோர் 2014-லேயே ஆய்ந்து காட்டினர்.

தமிழைப் படிக்க எளிதாக்கியவர் வேறு. ஓலையில் புள்ளியின்றி எழுதிய காலத்தில், மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்தே படிக்க வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களுக்குக் குறி வேறுபாடு செய்தவர் வீரமாமுனிவர் என்பர். அச்சு வந்தபின் புள்ளி நிலைத்தது. சொற்களுக்கிடையே இடமும் விழுந்தது. ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களை நீக்கிப் பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்தம் புகுத்தினார். தமிழ்நாட்டரசு அவற்றை 1978-இல் ஏற்றது. நம் நாடும் பின்னர் ஏற்றது. பழமை போயிற்றென்று முணுமுணுத்தவர்களும் பின்பு அவ்வெழுத்திலேயே முணுமுணுத்தார்கள்!

கருவி செய்யும் ஆற்றல் நம்மிடம் இல்லையென்பதற்கில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் தந்தார். எழுதும் வழி இவ்வாறு பிறந்தது; படிக்கும் வழிக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். நீண்டு புணர்ந்த தொடரைப் பொருள் கெடாமல் பிரித்துக் காட்டவேண்டும். மேலே புள்ளியும் கீழே சுழியும் உடைய எழுத்தாகையால் வரிக்கு வரி இடமும் தாராளமாய் வேண்டும்.

இவற்றுள் சிலவற்றை இப்போதே செய்யலாம். விளம்பரங்களை விலக்கிக் கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்பு முறை பல உலாவிகளில் இருக்கிறது. அண்டை வீட்டுச் சிறுமியின் கைப்பேசியில் அதனைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளை விலக்கிக் கொடுத்தோம். இரண்டு பக்கம் நிறுத்தாமல் படித்தவள், “இதை முதலிலேயே இப்படிப் போட்டால் என்னவாம்?” என்றாள்.