இணைப்பும் இயங்குதளமும்

பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நிரலே லினக்ஸ் என்னும் பெருமரத்திற்கு வித்தாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமையைப் பெரிதும் விரும்பிய பள்ளியாசிரியர் ஒருவர் தம் கணிப்பொறியில் லினக்ஸையே நிறுவியிருந்தார்.

வீட்டிற்கு அகலப்பட்டை இணைப்புப் பெற விழைந்த அவர் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் சென்றார். "லினக்ஸா? அதற்கு நாங்கள் உதவி தருவதில்லை, ஐயா" என்றார் அங்கிருந்த இளைஞர். ஆசிரியர் மனம் சோர்ந்தார். பல்லாண்டு பழகிய லினக்ஸைக் கைவிட நேருமோ என்று அஞ்சினார்.

அவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிறுவனங்கள் பல யூ.எஸ்.பி. மோடங்களை வழங்கின. அவற்றை இயக்கும் மென்பொருள் குறுந்தகட்டில் வந்தது. அது பெரும்பாலும் விண்டோஸுக்கே உரியது. லினக்ஸ் பயனரோ, ஆர்வலர் எவரேனும் எழுதித் தரும் நிரலுக்காகக் காத்துக் கிடந்தனர். இன்று நிலை வேறு. வீட்டில் அமரும் ரவுட்டரே நிறுவனத்தோடு பேசுகிறது. ரவுட்டர் கணிப்பொறிக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை 1993 ஆம் ஆண்டிலேயே எல்லார்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. லினக்ஸும் அதனை நன்கறியும்.

அண்டை வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருந்தது. ஆசிரியர் தம் மடிக்கணினியைக் கொண்டுசென்று, அவ்வீட்டு ரவுட்டரில் ஈதர்நெட் கம்பியைப் பொருத்தினார். நொடிப்பொழுதில் இணையப் பக்கம் திரையில் விரிந்தது. இளைஞர் கூறியது "உதவோம்" என்பதே, "இயங்காது" என்பதன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர்.

மறுநாள் ஆசிரியர் கேட்ட வினாக்கள் வேறு. "விண்டோஸ் இல்லையென்று கூறிப் பழுதுப் புகாரைத் தள்ளிவிடுவீர்களா? எனக்கெனத் தனி முகவரி கிடைக்குமா?" இரண்டாம் வினா சிறிதன்று. இணைய முகவரிகளின் பற்றாக்குறையால் நிறுவனங்கள் பல ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்கிவிடுகின்றன. அந்நிலையில் வெளியிடத்திலிருந்து வீட்டுக் கணிப்பொறியை அடைதல் அரிது. ஆசிரியரோ பாடக் குறிப்புகளை வீட்டில் வைத்துப் பள்ளியிலிருந்தே எடுத்துப் பயன்கொள்ள எண்ணியிருந்தார். வேறொரு நிறுவனத்தார் "எல்லாம் இயங்கும்" என்று இனிக்கப் பேசினர். முகவரி பற்றி மட்டும் வாய்திறக்கவில்லை. முதல் நிறுவனத்து இளைஞர், புகாரை ஏற்பதாகவும், தனி முகவரிக்குத் திங்கள்தோறும் கூடுதல் கட்டணம் உண்டென்றும் மறைக்காமல் கூறினார். ஆசிரியர் அவரிடமே பதிவு செய்துகொண்டார்.

மழைக்காலத்தில் ஓரிரவு இணைப்பு அற்றது. தொலைபேசியில் பேசிய உதவியாளர், "ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள், ஐயா" என்று தொடங்கினார்.

"கணிப்பொறியை அணைத்துவிட்டேன், அம்மா. ஒளியிழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது" என்றார் ஆசிரியர்.

ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அவ்விளக்கே சான்று. மறுமுனையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர்ப் புகார் எண் வழங்கப்பட்டது. காலையில் வந்த பணியாளர் தெருமுனையில் அறுந்து கிடந்த இழையை இணைத்துவிட்டுச் சென்றார். கணிப்பொறி இருந்த அறைக்குள் அவர் நுழையவே இல்லை.