கொங்கு நாட்டுக் கோட்டைகள்

ஈரோட்டை விட்டுச் சேலம் நோக்கிச் செல்லும் ரயில் காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் ‘சங்ககிரி துர்க்கம்’ என்னும் ஸ்டேஷன் வருகிறது. துர்க்கம் என்றால் கோட்டை. வண்டியிலிருந்தபடியே தலையை நீட்டிப் பார்த்தால், மலையின்மேல் மதில் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். அடிவாரத்திலிருந்து வாயிலுக்குமேல் வாயிலாகக் கடந்துதான் உச்சியை அடையவேண்டும். மலைமேல் பெருமாள் கோயிலும் உண்டு, மசூதியும் உண்டு. தீரன் சின்னமலையை 1805-ஆம் ஆண்டில் கும்பெனியார் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியிலேதான்.

இத்தகைய கோட்டைகளைப்பற்றி முதலில் எழுதியவர்கள் அவற்றைப் பிடிக்க வந்தவர்களே. எந்தப் பக்கம் ஏறலாம், எத்தனை பீரங்கி வேண்டும் என்பதே அவர்கள் கவலை. 1791-இல் திப்புவின் படைகள் கோயமுத்தூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது, சால்மர்ஸ் என்னும் லெப்டினென்ட் சில மாத காலம் தாக்குப்பிடித்து, நவம்பரில் சரணடைந்தார். அந்தத் தீரத்தை ஆங்கிலச் சரித்திரங்கள் விஸ்தாரமாகப் பாடுகின்றன. அக்கோட்டைக்கு மண் சுமந்தவர்களைப்பற்றி அவர்களுக்கென்ன? இன்று அதில் மிஞ்சியிருப்பது கோட்டைமேடு என்ற பெயரும், கோட்டை ஈசுவரன் கோயிலுமே.

கர்னல் மெக்கன்ஸி வேறு மாதிரி மனிதர். 1821-இல் காலமாகும் வரையில் ஊர் ஊராக ஏடுகளையும் கர்ணபரம்பரைக் கதைகளையும் சேகரித்தார். ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் சுவடி அப்படிக் கிடைத்ததே. கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் அதனைப் பதிப்பிக்க, 1950-இல் அது அச்சேறியது. 1886-க்குப் பிறகு ஹுல்ட்ஸ் முதலியோர் கல்வெட்டுக்களைப் படிக்கத் தொடங்கியதும், ‘கட்டியவன் யார்?’ என்பதே பெரிய கேள்வியாயிற்று. அதனால் வந்த நன்மை பெரிதே. ஆயினும், பல தலைமுறைகள் இடித்தும் கட்டியும் வந்த ஒரு மதிலை ஒரே அரசன் தலையில் கட்டிவிடும் வழக்கமும் அதனோடு வந்தது!

மேல்நாட்டிலும் கதை இதுதான். 1385-இல் அரச அனுமதி பெற்றுக் கட்டிய இங்கிலாந்தின் போடியம் கோட்டையைப் போருக்காகவே எழுப்பினார்கள் என்று நெடுங்காலம் நம்பினர். அகழியின் தண்ணீரை எளிதில் வடித்துவிடலாம் என்று கண்டபின், அது பிரபுவின் கௌரவத்துக்காக எழுந்த மாளிகை என்று பலர் வாதிட்டனர்.

நம் நாட்டில் கற்களையே சாட்சிக்கு அழைத்தவர் புதுச்சேரியில் பல்லாண்டு வாழ்ந்த பிரெஞ்சுப் பேரறிஞர் ழான் தெலோஷ். செஞ்சியைப்பற்றி 2005-இல் அவர் வெளியிட்ட நூலில், பீரங்கியின் வரவால் மதிலும் கொத்தளமும் மாறிய விதத்தையும், குளங்களையும், தானியக் களஞ்சியங்களையும் ஒருசேர ஆராய்ந்தார். 2013-இல், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வரைந்த படங்களைக்கொண்டு தமிழ்நாட்டுக் கோட்டைகளை விளக்கினார். போர் நடந்தது சில நாட்கள். மற்ற நாளெல்லாம் அங்கே மனிதர் குடித்தார்கள், உண்டார்கள் என்பதை நமக்கு நினைப்பூட்டியவர் அவர். அதே செஞ்சியை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக! மகிழ்ச்சிதான், ஆனால் அங்கே களஞ்சியமும் கலியாண மகாலும் கட்டிய நாயக்கர்கள் என்ன பாவம் செய்தார்களோ?

நம் பகுதியில் சில கோட்டைகளுக்கு இனி அந்த ஆராய்ச்சியும் எளிதல்ல. போசள மன்னரின் தண்டநாயகர் பெயர் தாங்கிய டணாயக்கன் கோட்டை, 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையின் நீருக்குள் போய்விட்டது. இரண்டு லட்சம் ஏக்கருக்குமேல் பாயும் தண்ணீரைக் குறைகூற எனக்கு மனமில்லை. என்றாலும், நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் மாதவப் பெருமாள் கோயில் மண்டபம் தலைகாட்டும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

சங்ககிரிக்கு அந்த கதி வரவில்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சின்னமலை மாண்ட வரலாற்றைச் சொன்னதோடு கீழே இறங்கிவிடாமல், ஒரு கயிறும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, வாயில்களின் அகலத்தையும் சுவரின் கனத்தையும் அளக்கச் சொல்லலாம். மலைமேல் மழைநீர் எங்கே தேங்கிற்று என்று தேடச் சொல்லலாம். மலையேறத் தை மாதம் உகந்தது. வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும்.