வீட்டிலிருந்த கண்



நமக்குக் கண்கள் இரண்டு. காண்பதோ ஒரே உலகம். ஆப்டோமெட்ரி மூன்றாம் ஆண்டில் இருவிழிப் பார்வைப் பாடம் இதிலிருந்துதான் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், கோடு வரைந்த மரப்பலகையொன்றை மூக்கருகே வைத்து, அதன்மேல் நிறுத்திய மெழுகுத் துண்டுகள் எங்கே ஒன்றாகவும் எங்கே இரண்டாகவும் தெரிகின்றன என்று ஆராய்ந்து, ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் எழுதிவைத்தார். அதைப் படித்துப் பெருமைப்பட்ட நான், பொழிச்சலூரில் எங்கள் வீட்டிலேயே இருந்த கண்ணைக் கவனிக்கவில்லை.

ராத்தாவின் மகளுக்கு ஐந்து வயது. மக்தபில் எழுத்துக்கூட்டி ஓதும்போது அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்வதை முதலில் கண்டவர் உஸ்தாத். இடக்கண் உட்புறம் திரும்புவதை நாங்களும் பார்த்திருந்தோம். “மாறுகண் அதிர்ஷ்டமடி, அதைப்போய்க் குறை சொல்லாதே” என்பார் நன்னிமா. ராத்தாவும் நம்பினாள். நானோ நம்பவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பல்லாவரத்தில் ரயிலேறி எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 1819 முதல் இயங்கிவரும் மருத்துவமனை அது. மூன்று நாள் அட்ரோபின் களிம்பு இட்ட பிறகே கண்ணாடி அளவு பார்த்தார்கள். குழந்தையின் விழி தன் முயற்சியால் மறைத்துவைக்கும் பவரை அப்போதுதான் முழுதாக அளக்க முடியும். அந்நாட்களில் கண் கூசியதால், மொட்டை மாடியில் விமானம் பார்க்க வழியின்றி அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தூரப்பார்வை, வலக்கண்ணைவிட இடக்கண்ணில் அதிகம். இத்தகைய குழந்தை தெளிவாகக் காண விழிவில்லையை இறுக்கியே ஆகவேண்டும். அம்முயற்சியோடு இரு விழிகளும் உட்புறம் குவிவது இயற்கையான பிணைப்பு. முயற்சி மிகும்போது குவிதலும் மிகுந்து, ஒரு விழி தடம் மாறுகிறது. பிம்பம் இரண்டாகிவிடாதிருக்க மூளை அவ்விழியின் செய்தியைப் புறக்கணிக்கிறது. நோயொன்றும் இல்லாமலே அதன் பார்வை வளர்ச்சி நின்றுபோகிறது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் மீட்பது கடினமாகிவிடும்.

கண்ணாடி போட்டதும் விழிகள் நேராயின. கழற்றினால் மீண்டும் திரும்பும். நன்னிமா இதை நான்கைந்து முறை போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் தினமும் இரண்டு மணிநேரம் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மறைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. அழுகை, பிடிவாதம், பேரீச்சம்பழ லஞ்சம் எல்லாம் அந்த இரண்டு மணிநேரத்துக்குள் நடக்கும். அந்நேரத்தில்தான் அவள் ஓதுவதும்.

ஆறு மாதத்தில் இடக்கண் பார்வை 6/36-லிருந்து 6/12-க்கு வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆழம் அறியும் சோதனையில் மட்டும், எழுந்து நிற்பதாகத் தெரியவேண்டிய ஈயின் இறக்கையைப் பிடிக்கச் சொன்னால், இன்னும் அட்டையைத் தடவிப் பார்க்கிறாள். ஷஅபானில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.