நைட் டூட்டி சிஸ்டருக்கு ஒரு மடல்

அன்புள்ள சிஸ்டர்,

2021 மே மாதம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் நீங்கள் நைட் டூட்டியில் இருந்தீர்கள். என் அண்ணன் அங்கே வென்டிலேட்டரில் இருந்தார். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பிபிஇ கிட்டுக்குள் இருந்த உங்களை வீடியோ காலில் பார்த்ததுதான். அதனால் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்; எங்காவது உங்கள் கண்ணில் படட்டும்.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று உறுதியான மாதம் அது. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. ‘ஒரு பெட் கிடைச்சா போதும்’ என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை. கட்டிலையும் மெஷினையும் வாங்கிப் போட்டுவிடலாம், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆளை அப்படி வாங்க முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் வேண்டும் என்பார்கள். அந்த இரவுகளில் உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், சிஸ்டர்?

‘அண்ணனைக் குப்புறப் படுக்க வெச்சிருக்கோம், பயப்படாதீங்க’ என்றீர்கள். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். தலைமாட்டில் ஒருவர் தொண்டைக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். டிரிப் லைன் சிக்கக் கூடாது. கண் உலராமலிருக்க இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். கன்னத்தில் புண் விழாதபடி அவ்வப்போது முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். 16 மணி நேரமாவது அப்படியே வைத்திருந்து, பிறகு மறுபடி மல்லாத்த வேண்டும். கடுமையான நுரையீரல் பாதிப்பில் இது 28 நாள்களுக்குள் நேரும் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2013இல் வெளியான பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. என் அண்ணன் கனத்த உடம்புக்காரர். தண்ணீர் குடிக்க வழியில்லாமல், பாத்ரூம் போக வழியில்லாமல், வியர்வையில் ஊறிய கிட்டோடு அவரைப் புரட்டினீர்கள்.

அதைவிடப் பெரியது, நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. மயக்க மருந்தில் இருந்தவரின் காதோரம் பிளாஸ்டிக் உறை போட்ட போனை வைத்தீர்கள். அண்ணி பேசினார். கடன், பிள்ளையின் பரீட்சை, பழைய சண்டை ஒன்று, எல்லாவற்றையும் சொல்லி அழுதார். கை மாற்றி மாற்றிப் பிடித்தீர்களே தவிர, ‘சீக்கிரம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துப் பெட்டில் அலாரம் அடித்தபோதுகூட இன்னொருவரிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினீர்கள். அண்ணன் பிழைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவர் காதருகே போய்ச் சேர்ந்தது என்பதை வைத்துக்கொண்டுதான் அண்ணி நடமாடுகிறார்.

எங்கள் வீட்டில் அந்த அழுகை ஒருமுறை. நீங்கள் வீடு வீடாகக் கேட்டிருக்கிறீர்கள். 2020இல் இங்கிலாந்தில் ஐசியூ ஊழியர்கள் 709 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். 45 சதவீதத்தினரிடம் கடுமையான மனச்சோர்வு, அதிர்ச்சியின் பின்விளைவு போன்ற ஏதோ ஒன்றின் அறிகுறி இருந்தது. சுமார் 13 சதவீதத்தினருக்குச் செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் அடிக்கடி வந்தது. டாக்டர்களைவிட நர்ஸ்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும் ஆளும் நேரமும் இல்லாமல் செய்ய முடியாமல் போவது எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுக்கும்! உங்களை யாராவது உட்காரவைத்து இதைக் கேட்டார்களா?

உங்களைத் தேவதை என்றோம். 2020 மே 3 அன்று ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் இதே சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். தேவதை என்ற பட்டம் எங்களுக்கு வசதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தேவதைக்கு லீவு வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டாம். கொரோனா வேலைக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட நர்ஸ்களை 2022 டிசம்பரோடு போதும் என்று அனுப்பிய செய்தியைப் படித்தபோது, அந்தப் பட்டியலில் நீங்களும் இருப்பீர்களோ என்று மனம் பதைத்தது.

உங்களுக்கும், அன்று உங்களோடு அண்ணனைப் புரட்டிய டாக்டர்கள், வார்டு ஊழியர்கள், தரை துடைத்த அக்காக்கள் அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணி உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். வர முடிந்தால் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அந்த வார்டைப் பற்றிப் பேசப் பிடிக்காவிட்டால் பேசவே வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி ஒருவரின் தங்கை